நாளைக்குத் திறக்கிற ரேம்பு

உட்காருங்க அண்ணாச்சி. சும்மா உட்காருங்க. என்னத்த மேல பாக்கிய? 'மாற்றுத்திறனாளிகள்'னு எழுதியிருக்கா? எழுதத்தான் செய்வான். எழுதுனதுக்கெல்லாம் எந்திரிச்சு நின்னா இந்த நாட்டுல ஒருத்தன் உட்கார முடியுமா? வந்தா எந்திரிப்போம். வரட்டும் மொதல்ல. பஸ்ஸுப் படி இந்த ஒசரத்துல இருக்கு, எங்க வரப் போறாவ? பையக் கீழ வச்சுட்டு நல்லா சாஞ்சு உட்காருங்க.

எனக்கு அந்த வார்த்தையப் பாத்தாலே வயிறு எரியுது, பாத்துக்கிடுங்க. அதனாலதான் இப்பம் இந்த வண்டியில போய்க்கிட்டு இருக்கேன். என் பேரு குத்தாலிங்கம். நகராட்சியில மேனேஜரு. சேர்மன் வருவாவ போவாவ, கமிஷனர் வருவாவ போவாவ, மேனேஜர்தான் ஆபீசு. அப்படி இருந்தவனத் தூக்கி மலையடிவாரத்துல ஒரு பேரூராட்சியில போட்டுட்டாவ. அங்கன ஒரு காப்பி குடிக்கணும்னாலும் அடுத்த ஊருக்குப் போணுமாம். நான் என்ன லஞ்சம் வாங்குனேனா? கையெழுத்துல தப்புப் பண்ணுனேனா? நல்லது பண்ணுனேன் அண்ணாச்சி. முடியாத பிள்ளைக்கு ஒரு நல்லது பண்ணப் போனேன். கேளுங்க, சொல்லுதேன்.

போன வருசம் மேல இருந்து ஒரு உத்தரவு வந்துச்சு. எல்லா அரசாங்கக் கட்டடத்துலயும் நடக்க முடியாதவங்க வண்டியில ஏறி வாரதுக்குச் சாய்தளம், அதான் ரேம்பு, இருக்கணும். பிடிச்சுக்கிட கம்பி இருக்கணும். படி விளிம்பு கண்ணுக்குத் தனியாத் தெரியுத மாதிரி வேற கலரு அடிக்கணும். கண்ணு தெரியாதவங்க தடவிப் படிக்கப் புள்ளி எழுத்துல போர்டு வைக்கணும். எல்லாம் 'ணும் ணும்'தான். அங்கன ஏசியில உட்கார்ந்து எழுதிட்டான். இங்கன யாரு சாவுறது?

எங்க ஆபீசு வெள்ளக்காரன் காலத்துக் கட்டடம். வெள்ளம் வந்தாலும் ஃபைலு நனையக் கூடாதுன்னு அஸ்திவாரத்த ஆள் நெஞ்சளவுக்கு ஒசத்திக் கட்டியிருக்கான். முன்னால கல்லுப்படி. ஒவ்வொண்ணும் ஒரு ஒசரம். ஏறி வாரவன் மேல வந்து மூச்சு வாங்கிக்கிட்டு நிப்பான், சண்டை போட வந்தவனுக்குக்கூடக் குரலு எழும்பாது. எவ்வளவு யோசன பண்ணிக் கட்டியிருக்கான் பாத்தியளா? அதுல கொண்டு போயி ரேம்பு போடச் சொன்னா?

சரி, போட்டேன். கமிஷனர் நீண்ட லீவுல இருந்தாவ, பொறுப்பு பூரா என் தலையில. ஒரு அடி ஒசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும்னு உத்தரவுல இருக்கு. அப்படிப் போட்டா அது நேரா சேர்மன் காரு நிக்கிற செட்டுக்குள்ள போயி முட்டுது. சேர்மன் காரு என்ன வெயில்லயா நிக்கும்? அதனால கொஞ்சம் சுருக்கிட்டேன். "சார், செங்குத்தா இருக்கே"ன்னான் ஓவர்சியர். "வே, மலைக்கோயிலுக்கு ஏறுதாவ இல்லியா? மனசு இருந்தா ஏறிருவாவ வே"ன்னேன். அளவ மாத்தி எழுதிக்கிட்டான்.

ஆபீசுக்குப் பின்னால குப்பை வண்டி ஏத்துததுக்கு ஒரு பழைய சரிவு இருந்துச்சு. கோணலும் மாணலுமா, பாக்கவே சகிக்காது. அத இடிச்சு, அந்தக் கல்லத்தான் புது ரேம்புக்கு அடியில கொட்டுனோம். அரசாங்கத்துக்கு எவ்வளவு மிச்சம்! இத எவனாவது பாராட்டுனானா? மூச்.

அடுத்தது படிக்குக் கலரு. சேர்மன் "நம்ம கட்சிக் கலரையே அடிச்சிரும் வே"ன்னுட்டாவ. எதிர்க்கட்சிக் கவுன்சிலரு தரையில உருண்டான். அவன் கலர அடிச்சா இவங்க உருளுவாங்க. ரெண்டு பேரையும் சமாதானப்படுத்தி, கடைசியில மொத்தப் படிக்கும் மேல இருந்து கீழ வரைக்கும் சாம்பல் கலரு இனாமல் பெயிண்டு, ஒரே கலரா அடிச்சு விட்டுட்டேன். பளபளன்னு இருந்துச்சு. எது எந்தப் படின்னு தெரியல, நல்லா வழுக்கும். ஆனா சண்ட ஓய்ஞ்சுச்சு இல்லியா?

போர்டு இருக்கு பாருங்க, அதுல நான் குறையே வைக்கல. புள்ளி எழுத்து எப்படி இருக்கும்னு செல்லுல பாத்து, நம்ம ஃப்ளெக்ஸ் கடையில கொடுத்து, அப்படியே பெருசா அடிக்கச் சொல்லிட்டேன். நடுவுல புள்ளி, ஒரு பக்கம் சேர்மன் படம், மறுபக்கம் அவரு தலைவரு படம். கண்ணு தெரியாத தாமஸ் வாத்தியாரு ஒரு நாள் பென்சன் விசயமா வந்தாரு. அவரு கையப் பிடிச்சுக் கொண்டு போயி ஃப்ளெக்ஸ் மேல வச்சேன். சேர்மன் மூக்குல இருந்து அந்தப் பக்கத் தலைவரு மீசை வரைக்கும் தடவிப் பாத்தாரு. "ரொம்ப வழவழன்னு இருக்கு சார்"னாரு. அவரே பாராட்டிட்டாரு. அதுக்கு மேல என்ன சர்ட்டிபிகேட் வேணும்?

இப்பம் அந்தப் பிள்ளைக்கு வாரேன். முத்துப்பேச்சின்னு பேரு. பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஒரு குடைய நட்டுக்கிட்டு, கையால சுத்துத மிஷின்ல கிழிஞ்சது தைக்கா. சின்னதுலயே ரெண்டு காலும் விழுந்துட்டு. ஒரு மூணு சக்கர வண்டி இருக்கு, அத விட்டு இறங்குனா கைய ஊனித்தான் நகருவா. தகப்பன் இல்ல, தாயி படுத்த படுக்கை. மழை பெஞ்சா அன்னைக்குத் தையலும் இல்ல, சோறும் இல்ல. இதுல ரோட்ட அகலப்படுத்துதோம்னு குடைய எடுக்கச் சொல்லி நோட்டீசு வேற கொடுத்துட்டாவ. குடை போச்சுன்னா அந்தப் பிள்ளைக்குப் போக்கிடம் கிடையாது, அது எனக்குந் தெரியும். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல.

புது பஸ் ஸ்டாண்டுல கடை கட்டி விட்டோம் இல்லியா, அதுல ஒரு கடை முடியாதவங்களுக்குன்னு ஒதுக்குனது. அதுக்கு மனுப் போட்டிருந்தா. அந்தக் கடை கெடச்சுட்டா தலைக்கு மேல ஒரு கூரை, காலம் பூரா ஓடிரும். நாலஞ்சு பேரு மனுப் போட்டிருந்ததால எங்க ஆபீசு மன்றக் கூடத்துல வச்சுக் குலுக்கல். பேரக் கூப்பிடும்போது ஆளு கூடத்துல இருக்கணும். மூணு தடவ கூப்பிடுவோம். இல்லைன்னா மனு தள்ளுபடி. இது இன்னைக்கு நேத்து வந்த வழக்கம் இல்ல அண்ணாச்சி, எங்க ஆபீசுல காலங்காலமா அப்படித்தான்.

ரேம்பு வேல முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. ஆனா திறக்கணும்லா? மெட்ராஸ்ல இருந்து ஒரு பெரிய ஆபீசர் அம்மா வந்துதான் திறக்கணும்னு சேர்மன் ஒத்தக் கால்ல நின்னாவ. அந்த அம்மாவுக்குத் தேதி இல்ல. திறக்காத ஒண்ணுல ஆள ஏத்த முடியுமா? ரெண்டு பக்கமும் பூந்தொட்டிய வச்சு, கயித்தக் கட்டி, கம்பியில சுத்தியிருந்த பாலிதீனக்கூடப் பிரிக்காம, புதுப்பொண்ணு மாதிரி பாதுகாத்தேன். ஒரு நாயி ஏறியிருக்காது அண்ணாச்சி. ஒரு நாளு ஒரு பெரியவரு தடியூனிக்கிட்டு வந்து, அதுல ஏறட்டுமான்னு கேட்டாரு. "திறந்த பொறவு வாங்க தாத்தா"ன்னேன். பாவம், அதுக்குள்ள அவரு போயிச் சேந்துட்டாரு.

கடைசியில தேதி கெடச்சுது. மறுநாள் திறப்பு விழான்னா, மொத நாளு குலுக்கல். ஏன் அப்படின்னா, கடை கெடச்சவனுக்குச் சாவிய அதே மேடையில கொடுக்கலாம்னு சேர்மனுக்கு ஒரு ஆசை.

விழாவுல யாரு மொதல்ல ஏறுததுன்னு யோசிச்சப்ப எனக்கு முத்துப்பேச்சி ஞாபகந்தான் வந்துச்சு. நான்தான் சொன்னேன். வேற எவனும் இல்ல, நான். நேராப் போயி, "ஏ பிள்ள, நீதான் மொதல்ல ஏறணும். பொன்னாடை உண்டு, போட்டோ உண்டு, பேப்பர்ல வரும்"னேன். "சரி சார்"னு சிரிச்சா. அன்னைக்கு அப்படி ஒரு சிரிப்பு.

குலுக்கல் அன்னைக்குக் காலையில வந்துட்டா. எல்லாருக்கும் முந்தி வந்துட்டா, அதச் சொல்லணும். நேராப் பின்பக்கம் போயிருக்கா, பழைய சரிவு இருந்த எடத்துக்கு. அங்கன குழிதான் இருக்கு. திரும்ப முன்னால வந்து ரேம்புகிட்ட நிக்கா. வாழமரமும் தோரணமும் கட்டிக்கிட்டு இருந்தாங்க, ரிப்பன் கட்டியாச்சு. நான் மேல வராந்தாவுல நின்னு பாத்தேன்.

"சார், இது வழியா ஏறிக்கிடட்டுமா? குலுக்கலுக்கு நேரமாச்சு"ன்னா.

"ஏ பிள்ள, கோட்டி பிடிச்சிருக்கா? நாளைக்கு மொதல்ல ஏறப் போறதே நீதான். இன்னைக்கே ஏறிட்டன்னா நாளைக்கு எப்படி மொதல்ல ஏறுவ?"ன்னேன்.

நீங்களே சொல்லுங்க, இதுல என்ன தப்பு? நியாயந்தான?

"நாளைக்கும் வாரேன் சார். நாளைக்கு மொதத் தடவ ஏறுத மாதிரியே ஏறுதேன். யாருக்குத் தெரியப் போவுது?"ன்னா.

பாத்தியளா புத்திய? ஒரு அரசாங்க அதிகாரிகிட்ட நின்னு ஏமாத்தச் சொல்லுதா. எனக்கு வந்த கோவத்துக்கு... இருந்தாலும் பொறுமையாச் சொன்னேன். "ரிப்பன வெட்டாம போவக் கூடாது பிள்ள. இன்னும் ஒரு நாளு பொறுத்துக்கிடு. இவ்வளவு நாளு பொறுத்தவதான?"ன்னு சொன்னேன். "ரேம்பு நாளைக்கும் இருக்கும் சார், குலுக்கல் இன்னைக்குத்தான"ன்னா. வாயி, வாயி. கீழ நிக்கும்போதே இம்புட்டு வாயி.

டீக்கடையில நின்ன ரெண்டு பயலுவ ஓடி வந்தானுவ, தூக்கிட்டுப் போறோம்னு. நான் விடல. கல்யாணம் ஆவாத பொம்பளப் பிள்ள, ஆம்பளையாளு தொட்டுத் தூக்குனா நாளைக்கு ஊரு என்ன பேசும்? அவ மானத்தக் காப்பாத்துனதே நான்தான். அதுக்கும் ஒரு நன்றி கெடையாது.

குலுக்கல் ஆரம்பிச்சுது. சேர்மன் உட்கார்ந்திருக்காவ. மொதப் பேரக் கூப்பிட்டேன், ஆளு இல்ல. அடுத்த பேரு, ஆளு இல்ல. ஒருத்தருக்கும் படி ஏற முடியல போல. அடுத்து முத்துப்பேச்சி. நல்லா தொண்டையத் தொறந்து கூப்பிட்டேன் அண்ணாச்சி, குறை சொல்லக் கூடாது. "முத்துப்பேச்சி!"

வெளிய இருந்து சத்தம் வருது, "இருக்கேன் சார்!"

எட்டிப் பாத்தா படியில ஏறிக்கிட்டு இருக்கா. பாவாடையச் சுருட்டிக்கிட்டு, பின்பக்கமாத் திரும்பி உட்கார்ந்து, கைய மேல்படியில ஊனி ஒடம்பத் தூக்கி வைக்கா. பெயிண்டு வழுக்குது. ஒரு படி ஏறுனா கை வழுக்கிக் கீழ வாரா. திரும்ப ஏறுதா. எல்லாவனும் வேடிக்க பாக்கான். எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு, பொய் சொல்லக் கூடாது.

ரெண்டாவது தடவ கூப்பிட்டேன். "இருக்கேன் சார், வந்துட்டேன் சார்"ன்னு கத்துதா. கவுன்சிலர் ஒருத்தர், "பதில் சொல்லுதால்லா, இருக்கான்னு எழுதுங்க"ன்னாரு. எப்படி எழுத முடியும்? கூடத்துல இருக்கணும்னுதான் வழக்கம். படி எப்படிக் கூடமாவும்? சேர்மன் வேற கடிகாரத்தப் பாக்காவ. மூணாவது தடவையும் கூப்பிட்டேன். கொஞ்சம் இழுத்தே கூப்பிட்டேன், அவளுக்காகத்தான். மூணும் முடிஞ்சுட்டு. தள்ளுபடின்னு சொல்லி வாய மூடல, வாசல்ல வந்து நிக்கா. நிக்கான்னா, உட்கார்ந்திருக்கா. உள்ளங்கை ரெண்டும் தோலு உரிஞ்சு, மூச்சு வாங்குது. "இருக்கேன் சார்"ன்னா. நான் என்ன செய்ய முடியும்? கூப்பிட்டது கூப்பிட்டதுதான்.

அடுத்த பேரு மந்திரமூர்த்தி. சேர்மன் மச்சினன்தான், ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவனுக்குச் சுண்டுவிரலு மடங்காது. முறையா டாக்டர் சர்ட்டிபிகேட் வச்சிருக்கான். கூடத்துல இருந்த ஒரே மாற்றுத்திறனாளி அவன்தான், படியில ரெண்டு ரெண்டாத் தாவி ஏறி வந்துட்டான். குலுக்கவே தேவப்படல. கடை அவனுக்குன்னு ஆயிட்டு.

மறுநாள் விழா. நாயனம் என்ன, மைக்கு என்ன, ஆபீசர் அம்மாவுக்கு ஆளுயர மாலை என்ன! முத்துப்பேச்சி வருவாளோ மாட்டாளோன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஆனா வந்துட்டா. சொன்ன வாக்குக்கு வந்துட்டா, கையில துணி சுத்தியிருந்தா. அம்மா ரிப்பன வெட்டுனாவ. நான் மைக்குல, "இதோ, நமது நகராட்சியின் சாய்தளத்தில் முதன்முதலாக ஏறப்போகும் சகோதரி முத்துப்பேச்சி!"ன்னு அறிவிச்சேன். எல்லாரும் கை தட்டுதாங்க.

அசையல அண்ணாச்சி. ரேம்பு முன்னால வண்டிய நிப்பாட்டிட்டு உட்கார்ந்திருக்கா. "ஏறு பிள்ள"ங்கேன். "இல்ல சார்"ங்கா. "ஏ, மானத்த வாங்காத, ஏறு"ங்கேன் பல்லக் கடிச்சுக்கிட்டு. "நான் ஏறல சார்." அவ்வளவுதான் பேச்சு. மைக்கு வேற ஆன்ல இருக்கு, ஊரு பூராக் கேக்குது.

சேர்மன் முகம் செவந்துட்டு. "வேற ஆளப் போடும் வே"ன்னாவ. சாவி வாங்க வந்து நின்ன மந்திரமூர்த்தியப் பிடிச்சுச் சக்கர நாற்காலியில அமுக்குனோம். மேல ஒரு போர்வையப் போட்டு மூடுனோம். நாலு பேரு தள்ளுதானுவ. சரிவு கொஞ்சம் கூடுதல் இல்லியா, தள்ளுதவனுக்கு நாக்குத் தள்ளுது. பாதியில போகையில போட்டோக்காரப் பய, "கைய எடுங்க, ஆளு மறைக்குது"ன்னான். எடுத்துட்டானுவ. நாலு பேரும் எடுத்துட்டானுவ, கூறு கெட்டவனுவ!

வண்டி பின்னால வந்துச்சு பாருங்க ஒரு வேகத்துல. ஐயோன்னு மந்திரமூர்த்தி போர்வைய ஒதறிட்டு நடுவுலயே எகிறிக் குதிச்சு ஓடுதான். என்னா ஓட்டம்! வேட்டி தனியா, ஆளு தனியா. வெறும் நாற்காலி வந்து பூந்தொட்டிய ஒடச்சு, வாழமரத்தச் சாச்சு, நாயனக்காரன் மேல போயி நின்னுச்சு. ஆபீசர் அம்மா எங்கிட்டத் திரும்பி, "இவருக்கு என்ன குறைபாடு?"ன்னு கேட்டாவ. "விரல் மடங்காது அம்மா"ன்னேன். உண்மையத்தான சொன்னேன்?

எல்லாப் பயலும் செல்லுல பிடிச்சுட்டான். அன்னைக்குச் சாயந்தரமே தமிழ்நாடு பூரா ஓடுது மந்திரமூர்த்தி ஓட்டம். விசாரணை வந்துச்சு. கடைக்குச் சீல் வச்சுட்டாவ, மந்திரமூர்த்திக்கும் இல்ல, எவனுக்கும் இல்ல, இப்பம் பூட்டிக் கெடக்கு. சேர்மன் தப்பிச்சுட்டாவ. எனக்கு மாறுதல் ஆர்டரு. ரோட்டுக்காரங்க குடையையும் பிடுங்கிட்டாங்க, அவ இப்பம் ஆஸ்பத்திரிச் சுவரு ஓரத்துல வெயில்ல உட்கார்ந்து தைக்கான்னு கேள்வி.

விழா முடிஞ்ச அன்னைக்கே அவகிட்டப் போனேன் அண்ணாச்சி. சும்மா விட முடியுமா? குடைக்கு அடியில உட்கார்ந்து, காயம் பட்ட கையாலயே மிஷினச் சுத்திக்கிட்டு இருந்தா. "ஏ பிள்ள, உனக்கு என்ன கொற வச்சேன்? உனக்குன்னு கட்டுன ரேம்பு, உனக்குன்னு வச்ச விழா. ஒரு தடவ ஏறி இறங்குனா நீ என்ன கொறஞ்சா போயிருவ? மேல போயிட்டு வர என்ன வந்துச்சு உனக்கு?"ன்னு கேட்டேன்.

மிஷின நிப்பாட்டுனா. என் முகத்தப் பாத்தா. கோவமாக்கூடச் சொல்லல.

"மேல எனக்கு நேத்துதான சார் சோலி இருந்துச்சு"ன்னா.

அவ்வளவுதான். திரும்பத் தைக்க ஆரம்பிச்சுட்டா.

எத்தன பேரு வாய அடச்சவன் நான். அன்னைக்கு வந்த வழியே திரும்பிட்டேன் அண்ணாச்சி. நாலு நாளு தூக்கம் இல்ல, அப்படி ஒரு ஆத்திரம். ஒரு அதிகாரியப் பாத்துப் பேசுத பேச்சா அது? பொறவு யோசிச்சுப் பாத்தேன். என்ன இருந்தாலும் முடியாத பிள்ள, நமக்குத்தான் பெருந்தன்மை வேணும். போகட்டும்னு அவள மன்னிச்சு விட்டுட்டேன்.